இதய அடைப்பைத் திறந்த பலூன்: யார் இந்த ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக்? ஸ்டென்ட் வைத்த பிறகும் ரத்தப் பரிசோதனை ஏன்?

கோவை அவிநாசி சாலையிலோ திருச்சி சாலையிலோ ஒரு நாள் நின்று பார்த்தால் தெரியும். ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சி, தாராபுரம் என்று கொங்கு மண்டலத்தின் எல்லாப் பக்கத்தில் இருந்தும் நெஞ்சு வலியோடு வருகிறவர்கள் இங்கேதான் இறங்குகிறார்கள். கையிலோ தொடையிலோ ஒரு சின்னத் துளை, உள்ளே ஒரு மெல்லிய குழாய், அதன் முனையில் ஒரு பலூன், கூடவே ஒரு ஸ்டென்ட். பெரிய சிக்கல் இல்லை என்றால் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

இன்று சாதாரணமாகிவிட்ட இந்தச் சிகிச்சையை உலகில் முதன்முதலில் ஒரு மனிதருக்குச் செய்து காட்டியவர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக். 46 வயதிலேயே விமான விபத்தில் இறந்துபோன ஜெர்மன் மருத்துவர். அவர் விட்டுச் சென்ற ஒரு கேள்விக்குத்தான் இன்றைய ரத்தப் பரிசோதனைகள் பதில் தேடிக்கொண்டிருக்கின்றன. அடைப்பைத் திறந்தாகிவிட்டது சரி, இவர்களில் யாருக்கு மறுபடி பிரச்னை வரும்?

அவருடைய வாழ்க்கையையும் அந்தக் கேள்வியையும் விரிவாகப் பார்க்கலாம்.

போரில் தந்தையை இழந்த சிறுவன்

1939 ஜூன் 25-ம் தேதி ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பிறந்தார் குருன்ட்சிக். அவர் பிறந்து சில மாதங்களிலேயே இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. போருக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை. அம்மாதான் இரண்டு பையன்களையும் தனியாக வளர்த்தார்.

போர் முடிந்ததும் குடும்பம் பிழைப்புக்கு அலைந்தது. கொஞ்ச காலம் அர்ஜென்டினாவில் உறவினர்களிடம் இருந்துவிட்டு மறுபடி கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகருக்கே வந்தார்கள். பள்ளிப் படிப்பை அங்கே முடித்த குருன்ட்சிக், 1950-களின் பிற்பகுதியில் கிழக்கை விட்டு மேற்கு ஜெர்மனிக்குப் போய்விட்டார். ஹைடெல்பர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1964-ல் டாக்டரானார்.

அதன் பிறகு லண்டனில் அவர் படித்தது அறுவை சிகிச்சை அல்ல. நோய் யாருக்கு வருகிறது, எத்தனை பேருக்கு வருகிறது என்று கணக்கெடுக்கும் தொற்றுநோயியல். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை கொடுத்துவிட்டு நோயாளியை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து எண்ணிப் பார்க்கும் பழக்கம் அவரிடம் கடைசி வரை இருந்தது.

அவருக்கு முன்னால் பாதை போட்டவர்கள்

இதயத்துக்குள் குழாய் விடலாம் என்பதை முதலில் நிரூபித்தவர் வெர்னர் ஃபோர்ஸ்மன். 1929-ல் தன் கை நரம்பு வழியாகத் தன் இதயத்துக்கே குழாயை விட்டுக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய்ப் படம் எடுத்தவர். அப்போது வேலைக்கே ஆபத்து வந்தது. 1956-ல் நோபல் பரிசு வந்தது.

1958-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ், இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் கரோனரி குழாய்க்குள் நேரடியாகச் சாயம் செலுத்திப் படம் எடுக்க முடியும் என்பதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார். நம்ம ஊரில் ஆஞ்சியோ என்று சொல்கிறோமே, அதுதான் இது.

1964-ல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் சார்லஸ் டாட்டர் இன்னொரு படி மேலே போனார். காலில் ரத்த ஓட்டம் நின்று, காலையே எடுக்க வேண்டிய நிலையில் இருந்த 82 வயது மூதாட்டிக்கு, ஒன்றை விட ஒன்று தடிமனான குழாய்களை வரிசையாக விட்டு அடைப்பை விரித்தார். கால் தப்பியது. ஆனாலும் அமெரிக்க மருத்துவர்கள் பலர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐரோப்பாவில் சிலர்தான் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரிடம் போய் இதைப் பழகிக்கொண்டவர்தான் குருன்ட்சிக். அப்போது அவர் சுவிட்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழக மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

சமையலறையே பட்டறை

டாட்டரின் முறையில் ஒரு சிக்கல் இருந்தது. தடித்த குழாயை இதயத்தின் சின்ன ரத்தக்குழாய்க்குள் தள்ள முடியாது. மெல்லியதாக உள்ளே போய், அடைப்பு இருக்கும் இடத்தில் மட்டும் விரியும் ஒன்று வேண்டும். பலூன் சரி. ஆனால் ரப்பர் பலூன் ஊதினால் எந்தப் பக்கம் இடம் கிடைக்கிறதோ அந்தப் பக்கம் பெருக்கும். கெட்டியான அடைப்பை அழுத்தாது.

சொட்டுநீர்க் குழாயில் உப்பு படிந்து அடைத்துக்கொண்டால் என்ன பாடு என்று தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அடைப்பை எடுக்க வேண்டும், குழாயும் கிழியக் கூடாது. குருன்ட்சிக்குக்கும் அதே பிரச்னைதான்.

அவருக்குத் தேவை, சொன்ன அளவுக்கு மேல் விரியாத, ஆனால் அழுத்தம் தாங்கும் பலூன். ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் ஒருவரிடம் கேட்டு, பி.வி.சி. பிளாஸ்டிக் சரிப்படும் என்று தெரிந்துகொண்டார். அதன் பிறகு சூரிச்சில் அவருடைய வீட்டுச் சமையலறை மேஜைதான் பட்டறை. மனைவி மிஷேலா, உதவியாளர் மரியா ஷ்லும்ப், மரியாவின் கணவர் வால்டர் என நாலு பேரும் சாயங்காலங்களில் உட்கார்ந்து பிளாஸ்டிக் குழாயைச் சூடாக்கி, ஒட்டி, கட்டி, ஊதிப் பார்த்தார்கள். வெடித்தது. மறுபடி செய்தார்கள்.

லேத் பட்டறையில் மோட்டாரையும் பம்ப்பையும் பிரித்துப்போட்டு வளர்ந்த கோவைக்கு இது புதிதாகத் தோன்றாது. வேண்டிய சாமான் கடையில் கிடைக்கவில்லை என்றால் நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

1974 பிப்ரவரியில் அந்தப் பலூனை முதன்முதலில் ஒரு நோயாளியின் கால் ரத்தக்குழாயில் பயன்படுத்தினார். பலன் கிடைத்தது. அடுத்து நாய்களின் இதயத்தில் சோதனை. 1976-ல் அமெரிக்க இதய மருத்துவர்களின் மாநாட்டில் அதை ஒரு போஸ்டராக ஒட்டி வைத்தார். பார்த்தவர்களில் பெரும்பாலானோர் நம்பவில்லை. துடிக்கிற இதயத்தின் ரத்தக்குழாயைச் சில நொடி முழுசாக அடைத்தால் ஆள் பிழைப்பாரா என்பதுதான் எல்லோருக்கும் இருந்த பயம்.

1977 செப்டம்பர் 16: அன்று என்ன நடந்தது?

அடோல்ஃப் பாக்மன், 38 வயது காப்பீட்டு விற்பனையாளர். கடும் நெஞ்சு வலியோடு சூரிச் மருத்துவமனைக்கு வந்தார். இதயத்தின் முன்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியக் குழாயில் ஒரே ஒரு அடைப்பு. பைபாஸ் அறுவை சிகிச்சைதான் வழி என்று இருந்த நிலையில், பெர்ன்ஹார்ட் மையர் என்ற இளம் மருத்துவர் இவரைப் பற்றி குருன்ட்சிக்கிடம் சொன்னார்.

இதுவரை யாருக்கும் செய்யாத சிகிச்சை என்பதை மறைக்காமல் சொல்லித்தான் சம்மதம் கேட்டார்கள். பாக்மன் ஒப்புக்கொண்டார். ஏதாவது தப்பானால் உடனே நெஞ்சைத் திறக்க அறுவை சிகிச்சைக் குழு தயாராக நின்றது.

நோயாளி விழித்தபடியே இருந்தார். பலூன் அடைப்புக்குள் போனது. ஊதினார்கள், சுருக்கினார்கள், இன்னொரு தடவை ஊதினார்கள். பயந்தது எதுவும் நடக்கவில்லை. அடைப்பு திறந்தது, வலியும் போனது. நெஞ்சைக் கிழிக்காமல் இதய அடைப்பைத் திறக்கலாம் என்பது அன்று உறுதியானது.

தோல்வியை மறைக்காத எண்கள்

புகழ் வந்ததும் பலரும் வெற்றியை மட்டும்தான் பேசுவார்கள். குருன்ட்சிக் 1979-ல் தன் முதல் 50 நோயாளிகளின் கணக்கை அப்படியே வெளியிட்டார்.

50 பேரில் 32 பேருக்குத்தான் சிகிச்சை பலித்தது. அவர்களுக்கு அடைப்பு சராசரியாக 84 சதவிகிதத்தில் இருந்து 34 சதவிகிதமாகக் குறைந்தது. 5 பேருக்கு நிலைமை மோசமாகி அவசர பைபாஸ் செய்ய வேண்டி வந்தது. 3 பேருக்கு மாரடைப்பு ஏற்பட்டதற்கான அடையாளம் இ.சி.ஜி.யில் தெரிந்தது. இத்தனையும் அவரே எழுதியவை.

அதோடு நிற்கவில்லை. மற்ற மருத்துவர்களை சூரிச்சுக்கு வரவழைத்து, தான் சிகிச்சை செய்வதை டி.வி. திரையில் நேரலையாகக் காட்டினார். கை தவறினாலும் அத்தனை பேரும் பார்ப்பார்கள். யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளட்டும், ஆனால் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளட்டும் என்பது அவர் எண்ணம்.

சூரிச்சில் அவருக்குப் போதிய படுக்கைகளும் வசதியும் கிடைக்கவில்லை. 1980-ல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் உள்ள எமரி பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அங்கே வேலை வேகம் எடுத்தது, உலகம் முழுக்க இருந்து மருத்துவர்கள் வந்து பழகினார்கள்.

அட்லாண்டாவில் இருந்து சென்னைக்கு

அப்படிப் பழகியவர்களில் ஒருவர் கேரளத்தின் கோட்டயத்தைச் சேர்ந்த மேத்யூ சாமுவேல் களரிக்கல். 1986-ல் சென்னையில் இந்தியாவின் முதல் கரோனரி ஆஞ்சியோபிளாஸ்டியைச் செய்தவர் என்று அறியப்படுபவர். பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2025 ஏப்ரலில் காலமானார்.

சூரிச் சமையலறையில் தொடங்கிய வித்தை அட்லாண்டா வழியாகச் சென்னைக்கு வந்தது. பிறகு கோவைக்கும் வந்தது. இன்று கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே இதற்கான கேத் லேப் இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்தச் சிகிச்சை சேர்ந்திருக்கிறது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்ட் விலைக்கு உச்சவரம்பு வைத்தபோது, மருந்து பூசாத ஸ்டென்ட் 7,260 ரூபாய், மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய் என்று நிர்ணயித்தது. மருந்து பூசிய ஸ்டென்ட் அதுவரை லட்சத்தைத் தாண்டி விற்றது.

46 வயதில் முடிந்த வாழ்க்கை

சென்னையில் அந்த முதல் சிகிச்சை நடந்ததை குருன்ட்சிக் பார்க்கவில்லை. விமானம் ஓட்டுவதில் அவருக்கு அப்படி ஒரு ஆசை. 1985 அக்டோபர் 27-ம் தேதி, மோசமான வானிலையில், தன் சிறிய விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு அட்லாண்டா திரும்பும் வழியில் ஜார்ஜியா மாநிலத்தில் விழுந்து இறந்தார். கூடவே அவருடைய இரண்டாவது மனைவி மார்கரெட் ஆனும் இறந்தார். அவரும் மருத்துவர்.

பாதை போட்டுக் கொடுத்த சார்லஸ் டாட்டரும் மேசன் சோன்ஸும் இறந்ததும் அதே 1985-ல்தான்.

குருன்ட்சிக் சூரிச்சில் சிகிச்சை கொடுத்த 169 பேரின் நீண்டகாலக் கணக்கு, அவர் இறந்த பிறகு 1987-ல் அவர் பெயரிலேயே வெளியானது. கடைசி வரை எண்ணிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்.

அவர் விட்டுப்போன கேள்வி

பலூன் மட்டும் வைத்து விரித்த காலத்தில், சுமார் மூன்றில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் அதே இடம் மறுபடி சுருங்கியது. இதைத் தடுக்கத்தான் 1986-ல் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் முதல் ஸ்டென்ட்கள் வைக்கப்பட்டன. குழாய் சுருங்காமல் தாங்கிப் பிடிக்கும் உலோக வலை அது. பிறகு, உள்ளே சதை வளர்ந்து மூடாமல் இருக்க மருந்து பூசிய ஸ்டென்ட் வந்தது. மறு அடைப்பு வெகுவாகக் குறைந்தது.

குறைந்தது, ஒழியவில்லை. சிலருக்கு ஸ்டென்டுக்குள் சதை வளர்கிறது. அரிதாகச் சிலருக்குத் திடீரென ரத்தம் உறைகிறது, அது உயிருக்கே ஆபத்து. வேறு சிலருக்கு ஸ்டென்ட் நன்றாக இருக்கும், இன்னொரு குழாயில் புது அடைப்பு வரும்.

இதில் யார் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே தெரிந்தால்? ரத்தக் குறியீடுகளின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

எந்தப் பரிசோதனை என்ன சொல்கிறது?

டிரோபோனின்: இதயத் தசை காயப்பட்டால் ரத்தத்தில் கசியும் புரதம். இதை அளக்கும் சோதனையை 1980-களின் இறுதியில் உருவாக்கியது குருன்ட்சிக் படித்த அதே ஹைடெல்பர்க்கில்தான். ஸ்டென்ட் வைத்த உடனே இது லேசாக ஏறுவது சகஜம், அதற்காகப் பதற வேண்டியதில்லை. வழக்கமான உச்ச அளவைப் போல 5 மடங்குக்கு மேல் ஏறி, கூடவே இ.சி.ஜி., எக்கோ அல்லது ஆஞ்சியோவிலும் மாற்றம் தெரிந்தால்தான் சிகிச்சையின்போது மாரடைப்பு ஏற்பட்டதாகக் கணக்கு.

ஹை-சென்சிடிவிட்டி சி.ஆர்.பி.: உடம்பில் அழற்சி இருந்தால் கல்லீரல் சுரக்கும் புரதம். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் ஆபத்து குறைவு, 3-க்கு மேல் போனால் அதிகம் என்று பிரிக்கிறார்கள். ஸ்டென்ட் வைக்கும் முன்பே இது கூடுதலாக இருந்தவர்களுக்குப் பின்னால் மாரடைப்பும் மரணமும் அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டின.

என்.டி.-ப்ரோ பி.என்.பி.: இதயம் சிரமப்பட்டு வேலை செய்தால் ஏறும். மூச்சு வாங்குவது, கால் வீக்கம் இருப்பவர்களுக்கு முக்கியம்.

எல்.டி.எல். கொழுப்பு: ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு 55 மில்லிகிராமுக்குக் கீழ் கொண்டுவர வேண்டும் என்பதே இப்போதைய இலக்கு. லேப் ரிப்போர்ட்டில் 100 வரை நார்மல் என்று அச்சாகியிருக்கும். அது மற்றவர்களுக்கு, இவர்களுக்கு அல்ல.

ஹெச்.பி.ஏ.1சி.: மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி. சர்க்கரை நோயாளிகளுக்கு ஸ்டென்ட் மறுபடி அடைக்கும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம்.

கிரியாட்டினின்: ஆஞ்சியோவுக்குச் செலுத்தும் சாயம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதனால் முன்னும் பின்னும் பார்க்கிறார்கள். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் இதய ஆபத்தும் கூடும்.

ஹீமோகுளோபின், பிளேட்லெட்: ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ரத்தக்கசிவு ஆபத்து எவ்வளவு என்பதை இவை காட்டும். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழ் போனாலோ, பிளேட்லெட் 1 லட்சத்துக்குக் கீழ் போனாலோ டாக்டர் கூடுதல் கவனம் எடுப்பார்.

சாதாரண ரத்த அணுக்கள் சோதனையிலேயே இன்னொரு குறிப்பும் ஒளிந்திருக்கிறது. நியூட்ரோஃபில் எண்ணிக்கையை லிம்ஃபோசைட் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் விகிதம். அது உயர்ந்திருந்தால் அழற்சி அதிகம் என்று அர்த்தம். தனியாகச் செலவு எதுவும் இல்லை என்பதால் ஆய்வாளர்கள் இதை ஆர்வமாகப் பார்க்கிறார்கள்.

இந்த எண்ணை நம்பலாமா?

இங்கேதான் கவனம் வேண்டும். குறியீடு என்பது எச்சரிக்கை, ஜாதகம் அல்ல. நூறு பேரை எடுத்தால் எந்தக் கூட்டத்துக்கு ஆபத்து அதிகம் என்று அது சொல்லும். உங்க அப்பாவுக்கு என்ன ஆகும் என்று சொல்லாது.

சி.ஆர்.பி.யையே எடுத்துக்கொள்ளுங்கள். வைரஸ் காய்ச்சல், பல் வீக்கம், மூட்டு வாதம் எது இருந்தாலும் அது ஏறும். 10-க்கு மேல் போனால் பெரும்பாலும் வேறு தொற்றுதான் காரணம். காய்ச்சல் அடங்கிச் சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பதே சரி.

அழற்சியைக் குறைத்தால் மாரடைப்பும் குறையுமா என்பதிலும் முடிவு ஒரே மாதிரி வரவில்லை. 2017-ல் வெளியான கேன்டோஸ் ஆய்வில், கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் குறைக்கும் ஊசி மாரடைப்பைக் குறைத்தது. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின. கோல்சிசின் என்ற பழைய, விலை மலிவான மாத்திரை 2019-ல் வந்த ஆய்வில் பலன் தந்தது. மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த இன்னொரு பெரிய ஆய்வில், 2024-ல், பலன் தெரியவில்லை. அதனால் ஒரு எண்ணை மட்டும் வைத்து டாக்டர்கள் முடிவெடுப்பதில்லை. வயது, சர்க்கரை, சிறுநீரகம், இதயத்தின் பம்ப் பலம், ஸ்டென்ட் வைத்த இடம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள்.

ஸ்டென்ட் வெச்சாச்சு, இனி என்ன?

ரிப்போர்ட் நார்மல் என்று வந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவது நம்ம பக்கம் அடிக்கடி நடக்கிற தப்பு. எண் நார்மலாக இருப்பதே அந்த மாத்திரையால்தான்.

ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரெலர் என்று இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுப்பார்கள். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பொதுவாக 12 மாதம், திட்டமிட்டு வைத்தவர்களுக்குப் பொதுவாக 6 மாதம். அதன் பிறகு ஒரு மாத்திரை தொடரும். ரத்தக்கசிவு ஆபத்தைப் பொறுத்து இந்தக் காலத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் இதய டாக்டரின் முடிவு.

பல் பிடுங்கப் போகிறீர்களா? டெங்கு வந்து பிளேட்லெட் இறங்குகிறதா? கண்புரை ஆபரேஷனா? எதுவாக இருந்தாலும், நீங்களாக மாத்திரையை நிறுத்தாமல் ஸ்டென்ட் வைத்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்க. திடீரென நிறுத்தினால், குறிப்பாக முதல் சில மாதங்களில், ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையும் ஆபத்து பல மடங்கு கூடும்.

அடுத்த முறை செக்கப்புக்குப் போகும்போது மூன்று கேள்வி கேட்கலாம். என் எல்.டி.எல். 55-க்குக் கீழ் இருக்கிறதா? இரண்டு மாத்திரையும் எந்தத் தேதி வரை? என் ஹீமோகுளோபினும் கிரியாட்டினினும் போன தடவையை விட எப்படி இருக்கின்றன? டிஸ்சார்ஜ் சம்மரியைத் தொலைக்காமல், செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் அவசரத்தில் உதவும்.

குருன்ட்சிக்கின் முதல் நோயாளி பாக்மனுக்கு ஸ்டென்டே வைக்கவில்லை, அப்போது அது கிடையாது. ஆனாலும் பலூன் திறந்த அந்தக் குழாய் 23 ஆண்டுகளுக்குப் பிறகும் திறந்தே இருந்ததாக, அவரை அனுப்பி வைத்த அதே பெர்ன்ஹார்ட் மையர் 2001-ல் பதிவு செய்தார். எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. அதனால்தான் ரத்தத்தைச் சோதிக்கிறார்கள், மாத்திரையைத் தொடரச் சொல்கிறார்கள்.

பரிசோதனை எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் நெஞ்சு வலி, இடது கை வலி, திடீர் வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.